கிரீஸ் கை

தண்ணீர் கொட்டும் பீலியடியில் குந்தியிருந்து விஜேந்திரன் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். முதலில் சவர்க்காரம், பிறகு சாம்பல், பிறகு தேங்காய்த் தும்பு. ம்ஹும். மண் வெட்டுகிற பெக்கோ மெஷின் கிரீஸ் லேசில் விட்டுப்போகிற சாமானா? உள்ளங்கை ரேகையிலும் நகக்கண்ணிலும் கறுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே தோட்ட லயத்து வீட்டு வாசலில் அப்பா முத்துவீரனைக் குளிப்பாட்டுவதற்காகப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

"விஜே, வாடா. எண்ணெ வைக்கணும். மூத்தவன் நீதான் மொதல்ல," என்று சித்தப்பா கூப்பிட்டார்.

அவன் எழும்பவில்லை. எழும்பினால் தங்கச்சி கோகிலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். நேற்றிலிருந்து அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று கொடகவெலப் பக்கம் ரோட்டு வேலை. மெஷினின் கையையும் வாளியையும் கோக்கிற இரும்புப் பின் தேய்ந்து, வாளி பக்கவாட்டில் லொட லொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கீச்சுச் சத்தம் வேறு. பின்னைத் தட்டிக் கழற்றி, இடைவெளியை அடைக்க ஷிம் வளையங்களைச் செருகி, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, பின்னைப் பாதி இறக்கியிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்! கோகிலாவின் நம்பர். எத்தனை மணிக்கு வருவாய் என்று அப்பா தினமும் இப்படித்தான் எடுக்கச் சொல்லுவார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. "அடச் சே!" என்று எழும்பிப் போய் வெட்டிவிட்டான்.

பின்னை முழுக்க அடித்து இறக்கினான். பழைய கறுப்பு பிதுங்கி வெளியே வந்து, புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை கிரீஸ் கன்னை அழுத்தினான். வாளியை மடக்கி நீட்டிப் பார்த்தான். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. என்ன பெருமை அவனுக்கு! அந்தப் பெருமையோடுதான் திருப்பி எடுத்தான்.

"அப்பா போயிட்டாருண்ணே."

"ஐயோ! கையெல்லாம் கிரீஸ் புள்ள, போனத் தொட முடியல..."

வாயில் முதலில் வந்தது அதுதான். அழுகைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அவன் வீடு வருவதற்குள், கையில் கிரீஸ் இருந்ததால் போனைத் தொட முடியவில்லையாம் என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவியிருந்தது. பெக்கோ முதலாளியும் கஹவத்தையிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து, "அனே பவ், பாவம்! வேலை செய்றப்ப போன் எடுக்க ஏலாதுதானே," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் கோகிலாவுக்குத் தெரியும். தானாக அடித்து ஓய்கிற போன் எது, வெட்டின போன் எது என்று கூப்பிட்டவளுக்கா தெரியாது? இத்தனை சனத்துக்கு முன்னால் அவள் வாயைத் திறந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாக வேண்டியதுதான்.

"விஜே!" என்று சித்தப்பா மறுபடியும் கத்தினார்.

ஈரக் கையோடு ஏறிப் போனான். பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அவன் கையைப் பார்த்தாள்.

"போகலையாய்யா? போகாட்டிக் கெடக்கு. ஒங்கப்பாவும் கடைசியா இந்தக் கிரீஸப் பத்தித்தான் சொன்னாரு."

"என்னம்மா சொன்னாரு?"

"அவரு காதுலதான் கோகிலா போன வச்சிருந்தா. பாதில கட் ஆயிருச்சு. 'பய கையில கிரீஸா இருக்கும், தெரியாம பட்டிருக்கும், திரும்ப எடுக்காத புள்ள, வேலையப் பாக்கட்டும்'னாரு. அதுக்கப்புறம் பேசவே இல்லய்யா."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவனுடைய பொய்யை அவனுக்கு முன்னாலேயே அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் அதை நம்பிச் சொன்னாரா, மகனை விட்டுக்கொடுக்காமல் சொன்னாரா, இனி யாரிடம் போய்க் கேட்பது?

கோகிலா எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரே வந்து நின்றாள். அவன் தலையைத் தூக்காமல் விரல்களைக் கிண்ணத்துக்குள் விடப் போனான்.

"உள்ளங்கை வேணாண்ணே," என்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "செத்தவங்களுக்குப் பொறங்கையாலதான் வைக்கணும்."

கையைத் திருப்பினான். புறங்கையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நேற்றுப் போனை வெட்டியதும் கிரீஸ் படாத அந்தப் புறங்கை விரல் முட்டியால்தான்.

கோகிலா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் கிட்ட நீட்டினாள்.