ரத்தா விட்டுப்போன பாய்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு தீர்ந்துவிடும். ஏழாவது படிக்க ஆற்றைத் தாண்டிப் போகவேண்டும். மழைக்காலத்தில் பாதையே தண்ணீருக்குள் போய்விடும். ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. அக்கரைப் பள்ளிக்குப் பக்கத்துப் புத்த மடத்தில் படுத்துக்கொள்ளலாம். பிக்குகளுக்குப் பிச்சைப் பாத்திரம் தூக்கினால் மிச்சச் சோறும் உண்டு. என் மகன் ரத்தா அங்கேதான் இருந்தான். இரண்டு வருஷம் வகுப்பில் நன்றாகத் தூங்கிவிட்டு, தாய்லாந்துக்குக் கூலி வேலைக்கு ஓடிப்போனான்.

அவன் தங்கை நிமோல் ஆறாவதில் முதலாவதாக வந்தாள். ரத்தாவின் பாய் சும்மாதானே கிடக்கிறது என்று பெரிய பிக்குவிடம் போய்க் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளைய இங்க எப்படிம்மா படுக்க வைக்கிறது?" என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு சண்டை போடவும் முடிவதில்லை.

தையல் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவளும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். "வயச நாங்க கூட்டி எழுதிக்கறோம். திங்கக்கிழமை வண்டி வரும், அனுப்பிடுங்க." நிமோல் புத்தகங்களை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மடத்துக்குப் பின்னால் ஒரு குடிசை உண்டு. தலை மழித்து வெள்ளை உடுத்தி, சபதம் எடுத்து மடத்துக்கு ஊழியம் செய்யும் விதவைகள் அங்கே இருப்பார்கள். நானும் விதவைதான். மறுபடியும் போனேன்.

"பக்தி எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார் பிக்கு.

"போன வாரம் சாமி."

"இங்க சேர்ந்தா பொய் சொல்லமாட்டேன்னு சபதம் எடுக்கணும், தெரியுமில்ல?"

"அது நாளைக்குத்தானே சாமி?"

சிரித்துவிட்டார். "மகளும் கூட வருவாளாக்கும்?"

"தாய விட்டுட்டு அவ எங்க போவா?"

மறுநாள் சவர நாள். என் முடி விழ விழ நிமோல் அழுதாள். "அழாதடி, பேனும் சேர்ந்து போகுதுல்ல" என்றேன்.

வயல் குத்தகைக்குப் போயிற்று. விடியுமுன் எழுந்து ஓதவேண்டும், முற்றம் பெருக்கவேண்டும், மதியத்துக்கு மேல் ஒரு பருக்கை வாயில் வைக்கக்கூடாது. சாயங்காலம் நிமோல் தனக்குச் சோறு வடித்துக் கருவாடு சுடுவாள். அந்த வாசனையில் எனக்குப் புத்தரும் மறந்துபோவார். அவள் சத்தமாகப் பாடம் படிப்பாள். நான் பாதியிலேயே தூங்கிவிடுவேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஊர் வண்ணி, தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒனக்குக் குடுத்து வச்சிருக்குக்கா, புருஷன் இல்ல. எனக்கு இருக்கானே, நான் எப்படி மொட்டை போடுறது? திங்கக்கிழமை இவளுக்கும் வண்டி வருது."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி. "புள்ளைய விட்டுட்டுப் போ" என்றேன்.

அவளைப் படுக்க வைக்கப் பாய் இல்லை. பையன்கள் பந்தாடப் போன நேரத்தில் அவர்கள் கூடத்துக்குள் நுழைந்து ரத்தாவின் பாயை எடுத்துக்கொண்டு வந்தேன். எதிரே பெரிய பிக்கு.

"கேக்காம எடுக்கமாட்டேன்னும் சபதம் எடுத்தியேம்மா."

"அப்பவே கேட்டேனே சாமி. நீங்கதான் குடுக்கல."

அவர் நான் போக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.