செவ்வாய்க்கு எட்டு நாள்

"உங்க மெஷின் பொய் சொல்லுது," என்றார் யோவாகிம். ஜெர்மனியிலிருந்து கணக்குப் பார்க்க வந்த புள்ளிவிவரக்காரர்.

லுடிவியாவுக்குச் சுருக்கென்றது. மலைமேல் இருக்கும் மனிசாலெஸ் நகர ஆய்வுக்கூடத்தின் ஹார்மோன் மெஷினைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள். பல நாடுகளில் நடக்கும் கருத்தரிப்பு ஆராய்ச்சிக்காக இங்கே நானூறு பெண்கள் மூன்று முறை கை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். கருமுட்டை வெளிவந்ததும் ஏற வேண்டிய ஹார்மோன், மற்ற நாடுகளைவிட இங்கே ஒரு நாள் பிந்தி ஏறுகிறதாம். மெஷின் சரியில்லை என்ற அறிக்கையில் இவர் கையெழுத்துப் போட்டால் அத்தனை ரத்தமும் குப்பைக்குத்தான்.

"மலை ஏறி வர்றதுல எங்க கருமுட்டைக்கு மட்டும் லேட்டாயிடுச்சாக்கும்!" என்று நொடித்தாள் நர்ஸ் நெல்ஸி.

லுடிவியா அவருடைய கணக்கைப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்கு நெல்ஸி எழுதிய தாளில் முதல் ரத்தம் செவ்வாய், மூன்றாம் தேதி. அடுத்தது 'எட்டு நாளில்'. அதற்கடுத்தது 'பதினைந்து நாளில்'. அவர் பதினொன்று, பதினெட்டு என்று போட்டிருந்தார்.

"பதினொண்ணு என்ன கிழமை டாக்டர்?"

"புதன்."

"புதன்கிழமை கிளினிக்கே கிடையாதே!" என்று கத்தினாள் நெல்ஸி.

"எட்டு நாள்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அட கடவுளே! எங்க ஊர்ல எட்டு நாள்னா ஒரு வாரம். இன்னைக்கும் சேர்த்து எண்ணுவோம். செவ்வாய்க்கு எட்டு நாள் செவ்வாய்தான். பதினஞ்சு நாள்னா ரெண்டு வாரம். பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

அவர் நம்பவில்லை. லுடிவியா உறைபெட்டியைத் திறந்து தட்டை இழுத்து அவர் முன் வைத்தாள்.

"லேபிள்ல இருக்கிற தேதியைப் படிங்க."

பத்து, பதினேழு. அடுத்த பெண்ணுக்கும் செவ்வாய், அதற்கடுத்தவளுக்கும் செவ்வாய். நாற்பது குழாய் படித்ததில் மனிதருக்கு விரல் மரத்துவிட்டது. உட்கார்ந்து தேதிகளைத் திருத்தினார். திரையில் மனிசாலெஸின் கோடு ஒரு நாள் முன்னதாக நகர்ந்து, மற்ற நாடுகளின் கோட்டின்மேல் அச்சாகப் பொருந்தியது.

நெல்ஸி கூவிக்கொண்டே வந்து லுடிவியாவைக் கட்டிக்கொண்டாள். லுடிவியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நானூறு பேரின் ரத்தமும் பிழைத்தது! அந்தச் சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை.

யோவாகிம் தன் அறிக்கையை நான்காகக் கிழித்தார். "தோன்யா லுடிவியா," என்று அந்த ஊர் மரியாதைச் சொல்லோடு கூப்பிட்டார். "இன்னொரு நாட்டு ஆய்வுக்கூடத்துல ஒரே ரத்தத்தை ரெண்டு தடவை அளந்தா ரெண்டு விடை வருது. உங்களோடது மாறவே இல்லை. அவங்க ரத்தத்தையும் இங்கேயே அனுப்பச் சொல்லட்டுமா?"

லுடிவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அனுப்பச் சொல்லுங்க. ஆனா வழியில உருகியிருந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்."