முப்பத்து நான்காவது களிம்பு

என் கணவர் டோபையஸின் வலது முழங்கால் வீங்கி முட்டைக்கோஸ் அளவுக்கு வந்தபோது, அது உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்தான் என்று எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டோபையஸுக்கு மட்டும் அது யார் வீட்டு உண்ணி என்பதும் தெரிந்திருந்தது.

"ரூடியோட உண்ணி," என்றார்.

"அது மேல பேரு எழுதியிருந்துச்சா?"

"எழுதணுமா? வந்த திசை தெரியாதா எனக்கு?"

ரூடி வேலிக்கு அந்தப் பக்கம் வசிக்கிறவர். தனியாள், தேனீ வளர்க்கிறார். வேலியோரத்துப் புல்லை வெட்ட மாட்டார். அதில் பூக்கிற பூ தேனீக்கு வேண்டும் என்பார். உயர்ந்த புல்லில் உண்ணி சேரும் என்று இரண்டு வருடங்களுக்கு முன் டோபையஸ் அதை வெட்டச் சொன்னார். ரூடி முடியாது என்றார். டோபையஸ் சபையின் டீக்கனிடம் போய் முறையிட்டார். டீக்கன் வந்து புல்லைச் சுற்றிப் பார்த்தார். வேதத்தில் புல்லைப் பற்றி நிறைய இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். அதைத் தவிர ஒன்றுமில்லை.

டோபையஸ் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிறவர். குதிரையின் காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நிற்கிற வேலை. முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பட்டறையைப் பூட்டினோம். வாடகை வண்டி பிடித்து டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு தெரிந்ததும் மாத்திரையைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் டோபையஸின் தங்கை ஏடா, காரும் தொலைபேசியும் வீட்டில் வைத்துக்கொள்ளாத எங்கள் சபை மக்களின் வாரப் பத்திரிகைக்கு எழுதிவிட்டாள். ஊருக்கு ஒருவர் தம் ஊர்ச் செய்தியை எழுதும் பத்திரிகை அது. யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால், "இவருக்கு எல்லோரும் ஒரு கார்டு போடுங்கள்" என்று அதில் கேட்பது எங்கள் வழக்கம். ஏடா அத்தோடு விட்டிருக்கலாம். "நல்ல இயற்கை வைத்தியம் தெரிந்தவர்கள் உதவலாம்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துவிட்டாள்.

எங்கள் ஜனங்கள் சொன்னால் செய்கிறவர்கள். ஒஹாயோவிலிருந்தும் இண்டியானாவிலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் பெட்டிகள் வந்து இறங்கின. விளக்கெண்ணெயில் நனைத்த கம்பளித்துணி. கரிப்பத்து. பூண்டும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சிய ஒன்று. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த தபால்காரர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மிளகாய்க் களிம்பு. ஆப்பிள் காடியில் ஊறிய ஏதோ இலை. ஒண்டாரியோவிலிருந்து ஒரு அம்மாள் வெறும் முட்டைக்கோஸ் இலையையே அனுப்பியிருந்தார். முழங்கால் எவ்வளவு பெரிதென்று ஏடா எழுதியதை அவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ, தெரியவில்லை.

மொத்தம் முப்பத்து மூன்று. துணி துவைக்கும் அறையின் அலமாரியில் வந்த வரிசைப்படி அடுக்கினார் டோபையஸ். அவர் நியாயமான மனிதர். பட்டறைக்குப் பிஷப்பின் குதிரை வந்தாலும் முன்னால் வந்த குதிரைக்குப் பிறகுதான் லாடம்.

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள்," என்றார். "அவங்க சொன்னபடியே போடணும். பாவம், நெருப்புக்கு முன்னாடி நின்னு கிண்டியிருக்காங்க."

சில களிம்புகள் இதமாகத்தான் இருந்தன. புதினா எண்ணெய் போட்ட அன்று மதியம் ஒரு மணி நேரம் தூங்கினார். மிளகாய்க் களிம்பு போட்ட அன்று, அந்த மாதத்திலேயே மிக வேகமாக நடந்தார். வீக்கம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்பதாவது களிம்பு நடக்கும்போது மாத்திரை வந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் தபால் பெட்டிக்கம்பத்தின் மேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. மூடியில் 'டோபையஸுக்கு, ரூடி' என்று எழுதியிருந்தது. டோபையஸ் அதைத் திறக்காமல் முப்பத்து நான்காவது இடத்தில் வைத்தார். மாத்திரையை முப்பத்து ஐந்தாவது இடத்தில் வைத்தார்.

நான் தெருமுனைத் தொலைபேசிக் கொட்டகைக்குப் போய் நர்ஸிடம் பேசினேன்.

"மாத்திரை ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

"வரிசையில இருக்கு."

"என்ன வரிசை?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள், நல்ல பெண். "அம்மா, களிம்பு போடட்டும், வேணாங்கல. ஆனா கிருமி ரத்தத்துல இருக்கு, தோல்ல இல்ல. இன்னும் தள்ளிப்போட்டா அந்த மூட்டு கெட்டுப்போயிரும். அப்புறம் நிமிரவே நிமிராது. இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "முன்னாடி வந்தவங்கள விட்டுட்டு இதுக்கு முதலிடம் குடுக்கச் சொல்றியா?" என்றார். கெஞ்சினேன், அழுதேன். ஒரு களிம்புக்கு இரண்டு நாள் என்பதை அரை நாளாகக் குறைத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுத்தல். இன்னும் பன்னிரண்டு நாளில் முப்பத்து மூன்றும் முடிந்தது. அதற்குள் அவருக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

முப்பத்து நான்கில் வரிசை நின்றுவிட்டது.

"கடிச்ச உண்ணியும் அவனோடது, களிம்பும் அவனோடதா? தொட மாட்டேன்."

"அப்ப அதைத் தள்ளி வச்சுட்டு மாத்திரையப் போடுங்க."

"தள்ளி வச்சா ஒருத்தர அவமதிச்ச மாதிரி ஆயிரும்."

"போடவும் மாட்டீங்க, தள்ளவும் மாட்டீங்க."

"ஆமா," என்றார். அதில் அவருக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

அலமாரிக்கு முன்னால் நின்றேன். இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் அவருக்குத் தெரியாது. கையை நீட்டினேன். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் ஒன்றையும் மறைத்ததில்லை. கையை எடுத்துக்கொண்டு ஜெபம் செய்தேன். பதில் எதுவும் வரவில்லை. ரூடி தேன்பெட்டியின் மூடியைப் போடும் சத்தம்தான் கேட்டது. சரி, அங்கேயே போவோம் என்று போனேன்.

"ரூடி அண்ணே, அந்தக் குப்பியத் திருப்பி வாங்கிக்கங்க. தப்பா நினைக்காதீங்க. நீங்க வாங்கிக்கிட்டா அவர் மாத்திரை போட்டுக்குவார்."

வலைத்தொப்பியைக் கழற்றினார். "மூடியத் திறந்தானா?"

"இல்ல."

"அப்ப உள்ள இருக்கிற கடுதாசியப் படிக்கல." தொப்பியைத் தேன்பெட்டியின் மேல் வைத்தார். "போன வருஷம் எனக்கும் இதே நோய்தான், சலோமா. பாதி மூஞ்சி தொங்கிப்போச்சு. மூணு மாசம் இலையக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இலைக்கு ஒண்ணும் ஆகல. கடைசியில மாத்திரைதான்."

எனக்கு அது தெரியும். பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். அப்போது ஒரு ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். புல்லை வெட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டோபையஸ். நானும் சரி என்று இருந்துவிட்டேன். அவர் ஒருவர் மேலேயே பழியைப் போட எனக்கு வழியில்லை.

"நான் வந்து பார்க்கலையே, அண்ணே."

"பரவால்ல. அப்ப பார்க்கிற மாதிரியும் இல்ல, மூஞ்சி."

"இப்ப நீங்க வாங்களேன்."

வந்தார். எங்கள் வாசலில் நின்று கால்சட்டையைத் தட்டிவிட்டு, குனிந்து உண்ணி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். டோபையஸ் வீங்கின காலை வாளியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சலோமா, யாரோ வந்திருக்காங்க," என்றார்.

நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த குப்பியை ரூடி வாங்கி, திறந்து, மூடிக்குள் மடித்திருந்த காகிதத்தை உரக்கப் படித்தார். "செய்முறை. முதலில் டாக்டர் கொடுத்த மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. மாத்திரை முடிகிற வரை தினமும் இந்தக் களிம்பைத் தடவவும். இதில் தேன்மெழுகும் புதினாவும் தவிர எதுவும் இல்லை. இது நோயைத் தீர்க்காது. தடவும்போது சுகமாக இருக்கும்."

டோபையஸ் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"மத்தவங்க சொன்னத எல்லாம் சொன்னபடியே செஞ்சேன்," என்றார் என்னைப் பார்த்து.

"செஞ்சீங்க."

"அப்ப இதையும் அப்படித்தான் செய்யணும்."

"ஆமாங்க."

மாத்திரையைக் கொண்டுவந்தேன். தண்ணீரோடு விழுங்கினார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

"உனக்கு மூஞ்சி தொங்கினப்ப நான் வரல," என்று டோபையஸ் சொல்வது கேட்டது.

"வரல."

"வந்திருக்கணும்."

"காலை நீட்டு," என்றார் ரூடி.

அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். சில நாள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில நாள் புல்லைப் பற்றிச் சண்டை போட்டார்கள். சண்டை போடும்போதும் ரூடியின் கை நிற்கவில்லை. இரண்டாவது வாரம் வீக்கம் வடிய ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் டோபையஸ் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். நான்காவது வாரம், வியாழக்கிழமை காலையில், கடைசி மாத்திரை தீர்ந்தது. காலை மடக்கி, நீட்டி, பட்டறைவரை போய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ரூடி வழக்கம்போல வந்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. டோபையஸ் வாளியைக் கவிழ்த்து, காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"இன்னிக்கு எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல."

"சரி," என்று ரூடி குப்பியைத் திறந்தார். "அப்ப கொஞ்சம் நிதானமாவே தடவறேன்."