கரும்புச்சக்கைக் கரைப்பான்

மருமகன் ஆஸ்பத்திரிக் கட்டிலை நெருங்கியதும் மாரியம்மாள் எழுந்து குறுக்கே நின்றுகொண்டாள். மகள் தமிழ்மொழிக்கு ஏழாம் மாதம். நாலு நாளாக நிற்காத வயிற்றுப்போக்கு. நேற்றிலிருந்து ரத்தமும் சேர்ந்து போனது.

"கிட்ட வராதீங்க மாப்ள. உங்க கம்பெனி வாடதான் இவள இப்படிப் படுக்கப் போட்டுச்சி."

சுரங்கத்தில் கடைசிவரை கான்ட்ராக்ட் கூலியாகவே இருந்த அப்பாவுக்குப் பிறந்து, கெமிஸ்ட்ரி படித்து, கடலூரில் மருந்துச் சரக்கு தயாரிக்கும் கம்பெனிக்குப் போனவன் இளவழகன். பழைய கரைப்பானை விட்டுவிட்டு, கரும்புச்சக்கையிலிருந்து எடுக்கும் பசுமைக் கரைப்பானுக்கு அங்கே மாறியபோது, மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அவன் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சாராயமும் கரும்பிலிருந்துதானே வருகிறது என்று மாமியார் அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

அவளிடம் விறைப்பாக நின்றானே தவிர, அந்தச் சந்தேகம் அவனையும்தான் அரித்தது. பசுமை என்றால் விஷமில்லை என்று யார் சொன்னது, கேனில் ஒட்டியிருந்த இலைப் படமா? தன் சட்டையைத் துவைத்த கையோடு தமிழ்மொழி சாப்பிட்டிருந்தால்? பயம் ஏற ஏற, சுத்தத்தில் வெறி பிடித்துப்போனது. மாமியார் சோப்புப் போட்டுக் கை கழுவப் போனபோதெல்லாம் தடுத்து, கட்டில் காலில் மாட்டியிருந்த ஸ்பிரிட் ஜெல்லை நீட்டினான். லேபில் எதையும் ஸ்பிரிட்டால் துடைத்தே பழகியவனுக்குத் தண்ணீர்மேல் நம்பிக்கை இல்லை. படித்தவன் சொல்கிறான் என்று அவளும் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். கரைப்பானைப் பற்றி அவனே வலியக் கேட்டான். அது காரணமில்லை என்றார் அவர். போன மாதம் நீர்க்கடுப்புக்குச் சாப்பிட்ட மாத்திரை குடலிலிருந்த நல்ல கிருமிகளையும் அழித்துவிட, பொல்லாதது ஒன்று பெருகிவிட்டதாம். குழந்தையின் துடிப்பு இருக்கிறது, புது மருந்து கேட்கிறதா என்று இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். போகும்போது ஜெல் பாட்டிலைப் பார்த்தார்.

"இந்தக் கிருமி இதுக்கெல்லாம் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணியில நல்லா கழுவுங்க. கையிலேர்ந்துதான் பரவும்."

மாரியம்மாள் அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குழாயடியில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். திரும்பி வந்தபோது மாமியார் தானே நகர்ந்து வழிவிட்டாள். தமிழ்மொழி கண் திறந்தாள்.

"மாமா, உதைக்குது. தொட்டுப் பாருங்க."

வயிற்றின்மேல் சேலை லேசாக அசைந்தது. அவன் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். விரல்நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.