அரை சென்டிமீட்டர்

...அரை சென்டிமீட்டர்தான், டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் குறைந்துவிடும், போன சனிக்கிழமை அப்படித்தான் பிடித்தாள், குறைந்ததை அப்படியே சிகிச்சை அட்டையில் எழுதவும் செய்தாள், பதினாலு வருட வேலையில் ஒரு நாளும் செய்யாத காரியம், இன்றைக்கும் அதே டேப், அதே தொடை, முழங்கால் சில்லுக்கு மேலே பேனாவால் வைத்த புள்ளி, ஆனால் ஜோஸ்பின் டேப்பைச் சுற்றிவிட்டு இன்னும் இழுக்காமல் இருக்கிறாள். கட்டிலில் படுத்திருக்கிற மாரீஸ்வரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆண்டாப் ஹில்லில் வீடு, பஸ் டிரைவர், மனைவி இறந்து ஐந்து வருடம், பைக்கிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் சில்லு உடைந்து கம்பி போட்டிருந்தார்கள். மாட்டுங்காவில் அவள் வேலை பார்க்கிற இந்த இரண்டு அறை பிசியோதெரபி கிளினிக்குக்கு ஊன்றுகோலோடு வந்தபோது இடது தொடை வலதைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. இரண்டும் சமமாகி, கால் மடங்காமல் நேராக உயர்ந்துவிட்டால் அவள் கையெழுத்துப் போட்டு அட்டையை மூடிவிட வேண்டும், அவன் டெப்போவுக்குப் போய்விடுவான், இந்தக் காலால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு செம்பூருக்கும் எங்கெங்கோவும்... அவள் என்றாவது அந்த பஸ்ஸில் ஏறினால் முதுகைப் பார்க்கலாம், முதுகை மட்டும்.

முதல் வாரம் கால் அசையவே இல்லை. தூக்குங்க என்றாள். "தூக்கத்தான் செய்யுதேன், அது கேக்க மாட்டேக்கு. ஆஸ்பத்திரில எவன் காலையோ மாத்தி மாட்டிட்டானுவளா மேடம்?" என்றான். மூட்டு வலித்தால் அதைத் தூக்குகிற தசை அப்படித்தான், மூளை எவ்வளவு சொன்னாலும் காது கேளாததுபோல் கிடக்கும், நார் ஒன்றும் செத்துவிடவில்லை, மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். முடி மாதிரி நார்கள் கட்டுக்கட்டாக, ஒவ்வொரு நாருக்குள்ளும் கண்ணுக்கே தெரியாத இழைகள் எதிரெதிராகப் படுத்திருக்கும், சேதி வந்ததும் ஒன்றின் ஊடே ஒன்று நழுவி நெருங்கும், எந்த இழையும் குட்டையாவதில்லை, நடுவில் இருக்கிற இடைவெளிதான் குறைகிறது... காலேஜில் பரீட்சைக்காகப் படித்தது. முப்பத்தொன்பது வயதில், ஒருவன் தொடைமேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்து, தோலுக்கு அடியில் மீன் புரண்டதுபோல் முதல் துடிப்பு வந்தபோது அவளுக்கு ஏன் கண் கலங்க வேண்டும்? எத்தனை தொடை பார்த்தவள்? "அழுவுதியளா மேடம்?" "தூசி." "ஃபேன்கூட சுத்தலியே." அன்றிலிருந்துதான் எல்லாம். தாராவி வீட்டில் அம்மா ஏஞ்சலம்மாளுக்குக் கண் மங்கினாலும் மூக்கு மங்கவில்லை, "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவயில இந்தப் பவுடர் வாசத்தக் காணும், சனிக்கெழமையில என்னட்டி விசேஷம்?" என்று கேட்கிறாள். தனக்கும் அவனுக்கும் சாமி வேறு, அவன் மனதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், வலிக்கிற கால் யாரிடமும் பிரியமாகத்தான் பேசும்.

வேண்டாம், இன்றைக்கு இறுக்க வேண்டாம், பாவம், லீவு போய்க்கொண்டே இருக்கிறது அவனுக்கு. டேப்பைத் தோலில் படியும்படி மட்டும் விட்டாள். நாற்பத்தெட்டு. வலதும் நாற்பத்தெட்டு.

"ரெண்டும் ஒண்ணாயிட்டு" என்றாள். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை, "டேப்பு சரியா இருக்கான்னு பாருங்க, போன வாரம் கொறையுதுன்னுதான சொன்னிய" என்கிறான், அவளுக்குக் காது மடல் சுடுகிறது, "காலைத் தூக்குங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு சாண் எழுந்தது, முழங்கால் மடங்கியது, பொத்தென்று விழுந்தது. "வர மாட்டேக்கு." மறுபடியும் என்றாள். இந்த முறை இடது கையைத் தொடைக்கு மேலே வைத்தாள், கல் மாதிரி இருக்கிறது, இவ்வளவு பலம் இருந்தால் கூரைக்கே போக வேண்டுமே... வலது கையை அடியில் கொடுத்துப் பார்த்தாள். பின்பக்கமும் கல். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது, முன்னால் இருப்பது மேலே இழுக்கிறது, பின்னால் இருப்பது விடாமல் கீழே இழுக்கிறது, இரண்டும் அவனேதான். பயந்தவர்களுக்கு இப்படி ஆகும், அவர்கள் அறியாமலே ஆகும், எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள், விழுந்த பயம் காலில் தங்கிவிடும், அதுவாகத்தான் இருக்கும். அதுவாகவே இருக்கட்டும். இல்லையென்றால்... தெரிந்தே பிடிக்கிறானா? அவள் டேப்பை இறுக்கியதுபோல?

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான், சுவரைப் பார்த்தபடியே. எதற்கு என்று அவளால் கேட்க முடியவில்லை. கால் எப்போதோ மெத்தைக்கு வந்துவிட்டது, பின்தொடையும் இளகிவிட்டது, வெளியே ஒரு லோக்கல் ரயில் நின்று கிளம்பிப் போகிறது, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும் தன் கை அவன் தொடைக்கு அடியிலேயே இருப்பதை ஜோஸ்பின் அப்போதுதான் கவனித்தாள், அவனும் அதை எடுக்கச் சொல்லவில்லை.