பன்னிரண்டாவது பலன்

1
இந்தக் கதை என் சித்தியின் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. திருடியதுதான், ஒப்புக்கொள்கிறேன். சித்தி ஜோதிடர். இருபது வருஷமாக ஒரு வார இதழில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உலகப் பலன் எழுதுகிறார். பருவத்துக்குப் பன்னிரண்டு பலன். பருவம் முடியும்போது அவற்றைச் செய்திகளோடு ஒத்துப் பார்த்து, தனக்குத் தானே சிவப்புப் பென்சிலால் மதிப்பெண் போட்டு, அதையும் அச்சுக்குக் கொடுத்துவிடுவார். முதல் இதழிலேயே வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்: ஆறுக்குக் கீழே போனால் அன்றோடு நிறுத்திவிடுவேன்.

செய்திகளைக் கத்தரித்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஜோதிடத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் வருஷத்தில் நான்கு நாள் அவர் எதிரே உட்கார்ந்து வம்பளப்பதை யாருக்காகவும் விடமாட்டேன்.

2
தொடக்கம் ஒன்று: "வானில் செவ்வாய் செந்தணலாய்ச் சிவந்து..."

சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: சித்தி ஒரு போலி. இப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. எந்தப் போலியாவது தன் விடைத்தாளைத் தானே திருத்தித் தனக்கே பெயில் போடுமா?

3
நேற்றுப் பிற்பகல் கத்தரிப்புகளைப் பரப்பினேன்.

"எண்ணெய் விலை ஏறும்னு எழுதினீங்க சித்தி. இறங்கிடுச்சு."

"தப்பு." பென்சில் பெருக்கல் குறி போட்டது.

"கடல் நடுவுல நிலம் அசையும்னீங்க. அசைஞ்சுது. ஆனா ஆளே இல்லாத தீவு."

"ஆள் இருக்கும்னு நான் சொன்னேனா? சரி."

"தெற்குல தொற்றுநோய். வரவே இல்ல."

"அப்பாடா!" என்று வாயெல்லாம் பல்லாகத் தப்புப் போட்டார்.

பதினொன்று முடிந்தபோது சரி ஐந்துதான். பாக்கி ஒன்று: செவ்வாயும் சனியும் சேர்வதால் பருவம் முடிவதற்குள் இரு அண்டை நாடுகளிடையே போர் மூளும்.

இரண்டு நாட்டுப் படைகள் பத்து நாளாக எல்லையில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பருவம் முடிய ஒரே நாள். அதற்குள் குண்டு விழுந்தால் இதழில் சித்தியின் பலன் பக்கம் பிழைக்கும், இல்லாவிட்டால் போச்சு. [இங்கே ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அது இப்படிப் போனது: ஒரு கணம் நான் அந்தக் குண்டு]

4
அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. இந்தக் கதையின் முதல் வரைவில் சித்தியின் மகளை அந்த நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தேன், நீங்கள் பதறட்டுமே என்று. பிறகு வெட்கமாகிப் போய்த் திருப்பி அழைத்துக்கொண்டேன். நம் வீட்டுப் பிள்ளை அங்கே இருந்தால்தான் பதற வேண்டுமா?

5
"இருபது வருஷம் சித்தி. விட்டுட முடியுமா?"

"அதுக்காக ஊரான் பிள்ளைங்க அடிச்சுக்கிட்டுச் சாகணுமா? என் பக்கம் என்ன பெரிய பக்கம். பின்னாடி சோப்பு விளம்பரம்!"

"வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமாடா? எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."

பென்சிலை வைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார். பன்னிரண்டாவது பலனுக்கு எதிரே, அழிக்க முடியாதபடி, பெரிய பெருக்கல் குறி.

"இன்னும் ஒரு நாள் இருக்கே!"

"இருக்கட்டும். நாளைக்குப் போர் வராது. நான் சொல்றேன்."

"எந்தக் கிரகத்தைப் பார்த்து?"

"எதையும் பார்க்கல. போய் டீ போடு."

6
முடிவு ஒன்று: போர் வருகிறது. இதை எழுத மாட்டேன், கை வரவில்லை.

முடிவு இரண்டு: வரவில்லை. மதிப்பெண் ஐந்து, பக்கம் நின்றுபோகிறது.

ஆனால் பருவம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே பேனாவால் போட்ட அந்தக் குறியும் ஒரு பலன்தானே? அது பலித்தால் அதற்கு மதிப்பெண் உண்டா? உண்டென்றால் ஆறு. சித்தியிடம் கேட்டேன். "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்றார். ஆனால் சிரித்தார்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். இன்றைய பொழுது இன்னும் முடியவில்லை. நாளைச் செய்தித்தாள் உங்கள் வீட்டுக்கும் வரும். முதல் பக்கத்தில் அந்தச் செய்தி இல்லையென்றால், நீங்களே மதிப்பெண் போடுங்கள். நான் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டேன்.