சுவிட்ச் இல்லாத வீடு

காட்டுப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் தொண்ணூற்றாறு ஃப்ளாட்டுகளுக்கும் வாயால் சொன்னால் விளக்கு, ஃபேன் போடும் ஒரே வீட்டு மென்பொருள் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பி பிளாக் ஸ்ரீநாத்துக்கு மட்டும் வேண்டியிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், அந்தத் தலைவர் தான்தான் என்பது வரை யோசித்து வைத்திருந்தார். ஐடி கம்பெனியில் பதினாறு பேருக்கு மேலாளர். மேய்ப்பதற்கு ஆள் போதவில்லை.

நாலு வருடத்தில் அவர் வீடு மூன்று மென்பொருளைப் பார்த்துவிட்டது. முதலாவதை விற்ற கம்பெனியே காணாமல் போனது. இரண்டாவதுக்குத் தமிழ் தெரியாது. மூன்றாவதைக் கெடுத்தவர்கள் மனிதர்கள். மனைவி எழிலரசியும் வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலையும் அறையை விட்டுப் போகும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கரண்டே இல்லாத பல்புக்கு எந்த மென்பொருள் கட்டளையிடும்?

“பழக்கத்த மாத்திக்கணும்” என்று வகுப்பெடுத்தார். யாரும் மாற்றிக்கொள்ளாததால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவிட்சுகளையே பிடுங்கிவிட்டார்.

நான்காவது, தானே கற்றுக்கொள்ளும் ரகம். மூன்று மாதம் கவனிக்கும். வீட்டில் தன்னிடம் அதிகம் பேசுகிறவரை வீட்டுக்காரராக எடுத்துக்கொண்டு, அவர் சௌகரியப்படி வீட்டை நடத்தும்.

“அதுவே என்னைப் படிச்சுக்கும்” என்றார் ஸ்ரீநாத். படிப்பதற்கு அவர் வீட்டில் இருக்க வேண்டாமா? காலை எட்டுக்குப் போனால் இரவு ஒன்பது; வந்த பிறகும் போனைத் தடவுவதோடு சரி. அம்பத்தூரில் வேலை பார்க்கும் எழிலரசி, “செவுத்தோட பேசற அளவுக்கு எனக்கு இன்னும் முத்தல” என்று கைவிசிறி வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் நிறைகிற மே மாத ஞாயிறு, காலை பதினோரு மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தாரை ஸ்ரீநாத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். தலைவர் உஸ்மான் கனி, பூந்தமல்லியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். எஃபெக்டுக்காக எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன. பத்து நிமிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிவிட்டு ஸ்ரீநாத் தொண்டையைச் செருமினார்.

“ஹால் ஃபேன் ஆன்.”

“மன்னிக்கவும், விருந்தினரே” என்றது சுவரிலிருந்த பெண் குரல். “வீட்டுக்காரர் அனுமதி தேவை.”

போனைத் திறந்தார். அதிலும் ‘விருந்தினர்’ என்றே இருந்தது.

உஸ்மான் கனி கழுத்தைத் துடைத்தார். “தம்பி, வாடகைக்கா இருக்கீங்க?”

டீத் தட்டோடு அஞ்சலை வந்தார். “இன்னா சார், அல்லாரும் வேர்த்து ஊத்திகினு குந்திகினு கீறீங்க? ஏய் பொண்ணு, ஃபேனப் போடு!”

“இதோ அக்கா.”

ஃபேன் சுழன்றது. கேட்காமலே ஏசி பதினெட்டு டிகிரியில் ஓடியது. டிவியில் சீரியல் மறு ஒளிபரப்பு தொடங்கியது. எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

“நீ இதோட பேசுவியா?” என்றார் ஸ்ரீநாத், குரல் இறங்கி.

“பின்ன? சுவிட்ச நீதான சார் புடுங்கிக்கின. இருட்டுல பாத்திரம் தேய்க்கச் சொல்றியா? நாள் பூரா நானும் இதுவுந்தான் கீறோம். சொன்னா செய்யுது. உன்ன மாரி லெக்சர் அடிக்கறதில்ல.”

உஸ்மான் கனி நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். “மென்பொருள்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. வீட்ட நடத்துறது யாருன்னு கரெக்டா கண்டுபுடிச்சிருக்கு. ஆனா விருந்தாளியக் குழுத் தலைவராப் போட சங்க விதியில எடமில்லையே.”

ஐவரும் லிஃப்டுக்குள் போய்த்தான் சிரித்தார்கள்; அந்த மரியாதை இருந்தது.

ஸ்ரீநாத் உடனே மென்பொருளை அழிக்கப் பார்த்தார். வீட்டுக்காரர் தன் குரலில் ‘சரி’ சொன்னால்தான் அழியுமாம்.

“அஞ்சலை, ஒரே ஒரு ‘சரி’ சொல்லிட்டுப் போ.”

“எத்துக்கு? அதத் தூக்கிட்டு, நாளிக்கி அஞ்சாவதா ஒண்ணு கொணாந்து வெப்ப. அத்தோட மொதல்லேர்ந்து நான் பேசணுமா?”

பையை எடுத்துக்கொண்டு அஞ்சலை படியிறங்கினார். பதினாறு பேரின் மேலாளர் செருப்பில்லாமல் பஸ் நிறுத்தம் வரை பின்னால் ஓடினார், போனை அவர் வாயருகே நீட்டியபடி.

“தள்ளு சார். நசரத்பேட்ட பஸ் வந்துகினு கீது.”